சுன்னாகத்துக் கதவு வைத்தியர்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறை வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர் கொக்குவில், கோண்டாவில், இணுவில், மருதனார்மடம் என்னும் ஊர்களைக் கடந்து, ஏறக்குறைய ஆறு மைல் தொலைவில் சுன்னாகத்தை அடைவர். சுன்னாகம் என்றதும் இல்லத்தரசியர்க்கு நினைவு வருவது சந்தை. வலிகாமத்துச் செம்பாட்டு மண் விளைவித்த மரக்கறியும் வாழைக்குலையும் வந்து குவியும் இடம் அது. தமிழ் கற்றோர்க்கு நினைவு வருபவர், 1854 முதல் 1922 வரை வாழ்ந்து அவ்வூரின் பெயரைத் தம் பெயரோடு நிலைநிறுத்திச் சென்ற அ. குமாரசுவாமிப் புலவர். பத்திரிகை படித்து வளர்ந்த முதியோர்க்கு நினைவு வருவது, நா. பொன்னையா அவர்கள் தொடங்கி, 1930 முதல் 1958 வரை அவ்வூரிலிருந்து வெளிவந்த 'ஈழகேசரி'.

இவையெல்லாம் ஏட்டில் ஏறிய பெருமைகள். ஏட்டில் ஏறாத கல்வியொன்றும் இப்பக்கத்தில் உண்டு. சந்தைச் சந்தடியைக் கடந்து உள்ளொழுங்கைகளுக்குட் சென்றால், தகரக் கூரைகளின் கீழிருந்து சுத்தியல் ஓசை கேட்கும். ஒரு பக்கம் கராச். அடுத்து ரிங்கர் வேலை செய்யும் முற்றம். அதற்கப்பால் லேத் இயந்திரம் சுழலும் பட்டறை. பழைய வாகனங்கள் இங்கே நோயாளிகளைப்போல் வரிசையில் நிற்கும். அவற்றுள் வான்களே மிகுதி. அவ்வான்களின் கதவுகளைப் பற்றியே இக்கட்டுரையில் நாம் எழுத விரும்புகின்றோம்.

கதவு ஒரு பெரிய பொருளா என்று கேட்பார் இருக்கலாம். இயந்திரம் நின்றால் வான் வீதியில் நிற்கும், அவ்வளவே. கதவு வழியில் திறந்தால் உள்ளே இருக்கும் பிள்ளை வீதியில் விழும். இவ்விரண்டில் எது பெரிதென்பதைப் பெற்றோர் அறிவர்.

பழைய வான்கள் ஏன் ஓடுகின்றன?

நம் வீதிகளிற் காலையும் மாலையும் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிச் செல்லும் வான்களுட் பல, 'டொல்பின்' என்று நாட்டு மக்கள் செல்லப்பெயர் இட்டழைக்கும் ரொயோட்டா ஹையேஸ் வகையின. நான்காம் தலைமுறையைச் சேர்ந்த அவ்வகை 1989இல் ஜப்பானில் அறிமுகமாயிற்று. 2004இல் அதன் இடத்தை அடுத்த தலைமுறை பிடித்துக்கொண்டது. எனவே அவற்றுள் மிக இளையதற்கும் வயது இருபதைத் தாண்டிவிட்டது. புதிய வானொன்று வாங்குவது நடுத்தரக் குடும்பத்துச் சாரதிக்கு எளிதன்று. மேலும், அந்நியச் செலாவணியைக் காக்கும்பொருட்டு 2020 மார்ச்சில் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 தொடக்கத்திலேயே. இடைப்பட்ட ஐந்தாண்டுகளில் பழைய வான்களின் விலை ஏறிற்று. அவற்றைப் பேணும் கைகளின் மதிப்பும் ஏறிற்று.

எம் அயலவர் ஒருவர் அத்தகைய வானொன்றின் உரிமையாளர், சாரதியும் அவரே. பன்னிரண்டு பிள்ளைகளை நாள்தோறும் பாடசாலைக்கு ஏற்றி இறக்குபவர். சென்ற தவணையில் ஒருநாட் காலை, மருதனார்மடத்துக்கு அண்மையில் ஒரு வளைவில் வான் திரும்பியபோது, இடப்பக்கத்துச் சறுக்குக் கதவு தானாகவே ஒரு சாண் அகலம் திறந்துகொண்டது. ஓரத்திலிருந்த சிறுமியைப் பக்கத்திலிருந்த அவளுடைய அக்கா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள். எவருக்கும் ஒன்றும் நேரவில்லை. ஆனால் அன்று மாலை அவர் எம் வீட்டுப் படலையில் வந்து நின்றபோது முகம் வாடியிருந்தது. கதவின் கைப்பிடியை ஆசனக் காலோடு நைலோன் கயிற்றாற் கட்டிவைத்திருந்தார். கயிறு கட்டிய கதவு வழியிற் திறவாது என்பது உண்மையே. ஆபத்து வேளையிலும் அது திறவாது என்பதை அவருக்கு எடுத்துச் சொல்லி, அடுத்த சனிக்கிழமை அவருடன் சுன்னாகம் சென்றோம்.

குற்றவாளி யார்?

நாம் கண்ட பட்டறைக்காரர் அறுபது வயதை அணுகியவர். பெயரை வெளியிட அவர் விரும்பவில்லை. ஊரார் அவரைக் 'கதவு வைத்தியர்' என்பது வேடிக்கைப் பேச்சாயினும் பொருத்தமான பேச்சே. வானைக் கண்டதும் அவர் கருவி எதையும் கையில் எடுக்கவில்லை. கதவைப் பாதி திறந்து, அதன் பின்விளிம்பின் கீழ் இரு கைகளையும் கொடுத்து மெல்லத் தூக்கினார். கதவு விரற்கடையளவு எழுந்து 'டக்' என்று மீண்டும் அமர்ந்தது.

"கதவு பூட்டுப்படேல்லை எண்டால் எல்லாரும் லொக்கைத்தான் குற்றம் சொல்லுவினம், மாஸ்ரர்," என்றார் எம்மை நோக்கி. "லொக் பாவம். கதவு கொண்டுவந்து குடுக்கிற இடத்திலைதான் அது பிடிக்கும். கதவு பதிஞ்சு போச்சு. அது என்ன செய்யும்?"

அயலவர் தயங்கித் தயங்கி, "அண்ணை, தூணிலை இருக்கிற ஸ்ரைக்கரைக் கொஞ்சம் கீழை இறக்கி விட்டால் காணாதோ? அரை மணித்தியால வேலைதானே?" என்றார்.

"செய்யலாம். ஆறு மாதத்திலை கதவு இன்னும் பதியும்; இன்னும் இறக்குவீர். பிறகு இறக்க இடம் இராது. வருத்தத்தை வைச்சுக்கொண்டு தேர்மோமீற்றரைத் திருத்துற மாதிரி."

அவர் விளக்கிய முறையை மாணவர்க்குப் பயன்படும் வகையில் ஈண்டு சுருக்கித் தருகின்றோம். சறுக்குக் கதவு மூன்று தண்டவாளங்களில் ஓடுவது. ஒன்று கூரையோரத்தில், ஒன்று மிதிபலகையருகே, மூன்றாவது வெளிப்புறத்தில், பின்பக்கக் கண்ணாடிக்குக் கீழே நீளும் நடுத்தண்டவாளம். ஒவ்வொன்றிலும் கதவோடு இணைந்த உருளைகள் ஓடும். மேலுருளை கதவு சாயாமல் வழிகாட்டுவது. பாரத்தைத் தாங்குபவை கீழுருளையும் நடுவுருளையுமே. கதவின் பின்விளிம்பு முழுவதும் தொங்குவது நடுவுருளையிலாதலின் அதுவே முதலில் தேய்கின்றது. உருளை தேயத் தேயக் கதவின் பின்பக்கம் தாழும். தாழ்ந்த கதவு பூட்டின் வாயிற் சரியாகப் புகாது.

பூட்டின் உள்ளமைப்பையும் அவர் ஒரு பழைய லொக்கைக் கழற்றிக் காட்டினார். கவைபோன்றதொரு நாக்கு, தூணிலுள்ள ஸ்ரைக்கரைக் கவ்விச் சுழலும். சிறு கொளுவியொன்று அதனைத் திரும்பவிடாது தடுக்கும். அந்நாக்கிற்கு இரு படிகள் உண்டு. முதற்படி பாதிப் பூட்டு. இரண்டாவது படி முழுப்பூட்டு. கதவு சரியாகச் சாத்தப்படாத வேளையில் உடனே திறந்துவிடாதிருக்க அமைத்த காவலே முதற்படி. தாழ்ந்த கதவு முதற்படியையே உரசிப் பிடித்து நிற்கும். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு அது பூட்டிய கதவாகவே தோன்றும். வளைவிலே வானின் உடல் சற்று முறுகும்போது அந்தப் பிடியும் நழுவும். மருதனார்மடத்தில் நிகழ்ந்தது அதுவே.

செம்மண்ணும் கிறீசும்

தேய்வின் காரணத்தைக் கேட்டோம். அவர் தண்டவாளத்திலிருந்து விரலால் வழித்தெடுத்த களிம்பைக் காட்டினார். கிறீசோடு கலந்த செம்பாட்டு மண் அது. கதவு இறுகுகின்றது என்று கண்டவுடன் சாரதிமார் கை நிறையக் கிறீஸ் எடுத்து அப்புகின்றனர். இரண்டு நாள் இலகுவாக ஓடும். பிறகு நம் வீதிப் புழுதி அதில் ஒட்டிக்கொள்ளும். மண்ணும் கிறீசும் சேர்ந்தால் அது உராய்வைக் குறைக்கும் பொருளன்று. அரம் போன்று இரும்பைத் தின்னும் பொருள். தண்டவாளத்தை மண்ணெண்ணெய் தோய்ந்த துணியாற் துடைத்து, மெல்லிய எண்ணெயைத் துணியிலெடுத்துத் தடவுவதே போதும் என்பது அவர் மருந்து. கிறீஸ் வேண்டுவது உருளையின் உள்ளேயுள்ள பெயாரிங்கிற்கே, தண்டவாளத்திற்கு அன்று.

மாற்றாமல் மீட்பது

வேலை இரண்டு நாட்கள் நடந்தது. நடுவுருளையும் அதைத் தாங்கும் இரும்புக் கையும் கழற்றப்பட்டன. உருளை ஒருபக்கம் தட்டையாகியிருந்தது. அது சுழலும் பின் நடுவே மெலிந்திருந்தது. பின் அமரும் துளை வட்டம் இழந்து முட்டை வடிவாகியிருந்தது. கொழும்பில் வாகன உதிரிப்பாகங்களுக்குப் பேர்போன பஞ்சிகாவத்தையிலிருந்து முழுத் தொகுதியையும் வருவிக்கலாமே என்றோம்.

"வருவிக்கலாம்," என்றார். "பழைய வானிலை கழட்டினது வந்தால் அதுவும் தேய்ஞ்சுதான் இருக்கும். மலிவான புதுசு வந்தால் கையின்ரை வளைவு ஒத்துவராது. இந்தக் கை கொம்பனியிலை இந்தக் கதவுக்கெண்டு செய்தது. இரும்பும் நல்ல இரும்பு. தேய்ஞ்சது உருளையும் பின்னும். தேய்ஞ்சதைச் செய்வம், தேயாததை ஏன் எறிவான்?"

முட்டை வடிவான துளையை அவர் வட்டமாகப் பெருப்பித்து, அதனுள் லேத்திற் கடைந்த பித்தளைப் புஷ் ஒன்றை இறுக்கி அமர்த்தினார். உறுதியான உருக்குத் தடியிலிருந்து புதிய பின் கடையப்பட்டது. நைலோன் தடியிலிருந்து உருளை கடைந்து, அதன் நடுவே தூசி புகாத பெயாரிங் அமைக்கப்பட்டது. பிறகு தண்டவாளத்தில் நெளிந்திருந்த விளிம்பைத் தட்டி நேராக்கினார். கதவை மீண்டும் மாட்டிச் சுற்றிலுமுள்ள இடைவெளி ஒத்திருக்கின்றதா என்று பார்த்தார். ஸ்ரைக்கரை அவர் தொட்டது எல்லாவற்றுக்கும் கடைசியில். முன்னர் யாரோ இறக்கி வைத்திருந்ததைப் பழைய தடத்திற்கே ஏற்றிவிட்டார்.

இறுதிச் சோதனை எளியது. கடதாசித் துண்டொன்றைக் கதவின் றப்பர் மீது வைத்துக் கதவைச் சாத்தி, துண்டை இழுத்துப் பார்த்தார். சுற்றிலும் பல இடங்களில் இவ்வாறு செய்தார். எல்லா இடத்திலும் கடதாசி ஒரே இறுக்கத்துடன் வந்தது. கதவு ஒரு விரலின் தள்ளலுக்கு ஓடி, இரண்டு முறை 'களுக், களுக்' என்று ஒலித்துப் பூட்டிக்கொண்டது. இரண்டாவது ஒலியைக் கேட்ட அயலவர் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி, பட்டறையின் குப்பைக் கூடையிலிட்டார்.

எல்லாவற்றையும் மீட்கலாம் என்று அவர் சொல்லவில்லை என்பதை இங்கே வற்புறுத்துதல் வேண்டும். லொக்கின் கவையும் கொளுவியும் பதமேற்றிய உருக்கினாலானவை. அவற்றின் பல் தேய்ந்தால் வெல்டிங் வைத்து அரத்தால் உருவாக்குவோர் உளர். அச்சூட்டில் உருக்கின் பதம் கெடும். தேய்ந்த லொக்கை மாற்றியே ஆகவேண்டும் என்பதில் அவர் உறுதியாக நின்றார். பிணைச்சல் பொருந்தும் தூண் துருப்பிடித்திருந்தால் அந்த இரும்பை வெட்டி மாற்றும்வரை அவர் கதவைத் தொடமாட்டார். எதை மீட்கலாம், எதை மாற்றவேண்டும் என்று பிரித்தறிவதே இத்தொழிலின் உயிர்நிலை.

கரும்பலகையில் கண்ட முக்கோணம்

முன்பக்கக் கதவுகள் சறுக்குவனவல்ல, பிணைச்சலில் தொங்குவன. அங்கே தேய்வது பிணைச்சலின் பின்னும் புஷ்ஷும். இதில் கேத்திரகணிதம் படிக்கும் மாணவர்க்கு ஒரு நல்ல கணக்கு உண்டு. மேற்பிணைச்சலுக்கும் கீழ்ப்பிணைச்சலுக்கும் இடைத்தூரம் 40 சென்ரிமீற்றர் என்றும், கதவின் அகலம் 100 சென்ரிமீற்றர் என்றும் கொள்வோம். மேற்பிணைச்சலில் 2 மில்லிமீற்றர் தேய்வு ஏற்பட்டால், கீழ்ப்பிணைச்சலை மையமாகக் கொண்டு கதவு சாயும். ஒத்த முக்கோணங்களின்படி, பூட்டுள்ள விளிம்பு 2ஐ 100ஆற் பெருக்கி 40ஆற் பிரிக்க வரும் 5 மில்லிமீற்றர் தாழும். கண்ணுக்குத் தெரியாத தேய்வு பூட்டின் வாயில் இரண்டரை மடங்காகப் பெருகுகின்றது. நாம் கரும்பலகையில் ஆண்டுதோறும் வரைந்து காட்டும் முக்கோணத்தை அப்பட்டறைக்காரர் தம் கைகளினால் தூக்கியே அளந்துவிடுகின்றார்.

கதவின் அடிவிளிம்பிலுள்ள சிறு துளைகளையும் அவர் காட்டினார். மழைநீர் கண்ணாடியின் ஓரமாகக் கதவினுள் இறங்குவது இயல்பு. அது வடிந்து போகவே அத்துளைகள். மண் அடைத்துக்கொண்டால் நீர் உள்ளே தேங்கி, கதவு உள்ளிருந்தே துருப்பிடிக்கும். கடற்காற்று நாற்புறமும் வீசும் நம் குடாநாட்டில் அத்துரு விரைந்து பரவும். சைக்கிள் சில்லுக் கம்பியொன்றால் அத்துளைகளை மாதம் ஒருமுறை குத்தி விடுதல் போதும்.

தட்டுப்பாடு கற்பித்த பாடம்

இக்கைத்திறன் எங்கிருந்து வந்தது? பாதிப் பங்கு குருமாரிடமிருந்து. மறு பாதி பஞ்சத்திடமிருந்து. 1960களிலும் 1970களின் முற்பகுதியிலும் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டினால் நாட்டில் இறக்குமதி இறுக்கமாயிருந்தது. யாழ்ப்பாணத்து ஒஸ்ரின் ஏ-40 கார்களும் மொறிஸ் மைனர்களும் ஆயுள் நீடித்தமைக்கு அதுவும் ஒரு காரணம். எம் பட்டறைக்காரர் சிறுவனாகத் தொழில் பழகியது மொறிஸ் மைனர் வானொன்றின் பின்கதவுகளில். இரட்டைக் கதவுகளாகப் பக்கவாட்டில் திறக்கும் அவற்றின் பிணைச்சற் பின்னைக் கழற்றுவதே தமக்கு அரிச்சுவடி என்றார்.

1990இல் போர் மீண்டும் மூண்டபின் தட்டுப்பாடு வேறொரு வடிவம் எடுத்தது. ரயில் நின்றது. எரிபொருளும் மின்கலங்களும் வாகன உதிரிப்பாகங்களும் குடாநாட்டுக்கு வருவது தடைப்பட்டது. சில துளி பெற்றோலைக் கொண்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெயில் கார்களை ஓட்டிய காலம் அது. வெளியிலிருந்து ஓர் ஆணியும் வராத நிலையில், வாகனத்தினுள் இருந்த ஒவ்வோர் உறுப்பும் திரும்பக் கிடையாப் பொருளாயிற்று. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, இவர் பட்டறையிலிருந்து தூக்கிச் சென்றவை ஒரு சுத்தியலும், பித்தளைத் துண்டுகள் நிறைந்த ஒரு பால்மாப் பேணியும். "சாமான் பிறகு தேடலாம், பித்தளை கிடையாது," என்று அவர் சொன்னபோது சிரித்தார். நாம் சிரிக்கவில்லை.

கடலுக்கப்பால் கியூபா நாட்டிலும் இதனை ஒத்த ஒரு வரலாறு உண்டு. 1960களில் அமெரிக்கா விதித்த வர்த்தகத் தடையின் பின், அங்கிருந்த 1950களின் அமெரிக்கக் கார்களுக்கு உறுப்புகள் வருவது நின்றது. கியூபாவின் தொழிலாளர் தம் கையாலேயே உறுப்புகளைச் செய்து அவற்றை ஓட்டினர். இன்று வெளிநாட்டார் அக்கார்களைப் படம் பிடிக்கச் செல்கின்றனர். எம் ஒஸ்ரின்களையும் திருமண ஊர்வலங்களிற் காண்கின்றோம். கார்களைப் போற்றுவோர் அவற்றை ஓடவைத்த கைகளையும் போற்றுதல் தகும்.

அடுத்த தலைமுறை

2002இல் ஏ-9 வீதி திறந்து, 2006இல் மூடி, போர் முடிந்தபின் மீண்டும் திறந்தது. 2015 ஜனவரியில் காங்கேசன்துறைவரை ரயிலும் வந்தது. உதிரிப்பாகங்கள் இப்போது கடைகளிற் கிடைக்கின்றன. கிடைக்கும்போது இத்திறன் எதற்கு என்று இளைஞர் கேட்கின்றனர். பட்டறையில் கையுதவிக்கு நின்ற தம்பியும் வெளிநாடு செல்லும் எண்ணத்திலேயே இருந்தான். அவனைக் குறை சொல்ல நாம் யார்? ஆயினும் அவன் அந்நைலோன் உருளையைக் கடைந்தபோது, அளவுகோலைப் பார்க்குமுன்பே கையை நிறுத்தினான். அளந்தபோது அளவு சரியாக இருந்தது. அந்தக் கைப்பழக்கம் எந்நாட்டிலும் அவனுக்குச் சோறு போடும்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் தொடங்கப்பெற்ற இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் போன்ற இடங்களில் வாகனத் தொழில்நுட்பம் முறைப்படி கற்பிக்கப்படுகின்றது. சான்றிதழ் பெற்ற மாணவரும் சான்றிதழ் இல்லாத இத்தகைய முதியவரும் ஒரு மேசையிற் சந்திக்க வழி செய்தால், இரு சாராரும் பயன் பெறுவர். முதியவர் சொல்வதை எழுதி, படம் வரைந்து, அளவு குறித்து வைக்கும் வேலையை எம் கல்லூரி மாணவரும் விடுமுறையிற் செய்யலாம். புலவர்களின் ஏடுகளைத் தேடி அச்சேற்றிய ஊருக்கு இது புதிய பணியன்று.

வான் வைத்திருக்கும் குடும்பத்தாரும், பிள்ளைகளை வானில் அனுப்பும் பெற்றோரும் நாளைக் காலையிலேயே ஒன்று செய்யலாம். கதவைப் பாதி திறந்து அதன் விளிம்பை மெல்லத் தூக்கிப் பாருங்கள். அசைவு தெரிந்தால் உருளையோ பிணைச்சலோ தேய்ந்துள்ளது. பின்னர் கதவைச் சாத்திக் காது கொடுங்கள். பூட்டின் ஒலி இரண்டு முறை கேட்க வேண்டும். ஒருமுறையே கேட்டால் அன்றைக்கு அந்த வானில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.